மாறிப்போன கைப்பட்டை

தனக்கும் கணவருக்கும் பிரஷர் மாத்திரை தரும் பேசும் சுவர்ப்பெட்டியிடம் செண்பகவல்லி கத்தினாள். “கால் ரெண்டும் வீங்குது. அளவைக் குறைன்னா குறைக்க மாட்டியா?”

“மனசைப் போட்டு அலட்டிக்காதீங்கம்மா,” என்றது பெட்டி.

“அதான் பெட்டியே சொல்லுதே!” என்றார் கணவர் தணிகாசலம், போனிலிருந்து தலையைத் தூக்காமலே.

மறுநாள் குளித்துவிட்டு வந்த அவசரத்தில் இருவரின் கைப்பட்டைகளும் மாறிப்போயின. பட்டையை வைத்துத்தான் பெட்டி ஆளை அடையாளம் காணும். அவள் அதே புகாரைச் சொன்னாள்.

“மன்னிக்கணும் சார். இந்த அளவு உங்க உடம்புக்கு அதிகம்,” என்று பெட்டி உடனே பாதியாகக் குறைத்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கணவரின் பட்டையைக் கழற்றவில்லை.

வீக்கம் வடிந்தது. ஒருநாள் தணிகாசலம் பெட்டி முன் தள்ளாடினார். “தலை சுத்துது, அளவைக் குறை!”

“மனசைப் போட்டு அலட்டிக்காதீங்கம்மா.”

“யாரை அம்மாங்குது? நான் சொல்றதை நம்பவே மாட்டேங்குதே!”

“அதான் பெட்டியே சொல்லுதே,” என்றாள் செண்பகவல்லி, போனிலிருந்து தலையைத் தூக்காமலே.