பக்கத்து சீட் பிரேக்

"கார்ல நீங்க ரெண்டு பேரும் வாங்க. நான் ரயில்ல வந்து சேர்றேன். அதுல என்ன இருக்கு?" என்றார் மாஸ்டர், ஏதோ அடுத்த தெருவுக்குப் போகிறவர் மாதிரி.

காரில் போனாலே ஒரு முழுப் பகல் பிடிக்கும் தூரம். மாப்பிள்ளைக்கு வேலை மாற்றலாகி, அவரும் மகளும் அந்த நகரத்தில் குடியேறப் போகிறார்கள். வீட்டை ஒழுங்குபடுத்திக் கொடுக்க மாஸ்டரும் கூடப் போவதாகப் பேச்சு. போவதில் அவருக்குத் தகராறு இல்லை. மாப்பிள்ளையின் புதுக் காரில் போவதில்தான் தகராறு.

ரயிலுக்குப் பரிந்து பேச அவரிடம் காரணங்கள் கொட்டிக் கிடந்தன. காலை நீட்டிப் படுக்கலாம், எழுந்து நடக்கலாம், இடுப்பு பிடித்துக்கொள்ளாது, ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். மாப்பிள்ளையும் விடுகிற ஆளில்லை. சாமான் தூக்க வேண்டாம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம், வாசலில் ஏறி வாசலில் இறங்கலாம் என்று அடுக்கினார். மாஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, போய் ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார்.

உண்மைக் காரணம் எல்லோருக்கும் தெரியும். மாஸ்டர் நடத்துவது டிரைவிங் ஸ்கூல். ஊரில் ஸ்டியரிங் பிடிப்பவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிக் கற்றவர்கள். மாப்பிள்ளை வேறு ஸ்கூலில் கற்றவர். மாஸ்டரைப் பொறுத்தவரை அது கற்காததற்குச் சமம். கார் வாங்கிய அன்று கடைத்தெரு வரை ஒரு சுற்றுப் போனபோது, மனிதர் வழி நெடுக வலது காலால் தரையை மிதித்துக்கொண்டே வந்தார். மாப்பிள்ளைக்கு முகம் தொங்கிவிட்டது.

"நான் ஓட்டுறது மாமாவுக்குப் பிடிக்கலை. அதை நேரா சொல்லிட்டுப் போகட்டுமே," என்று மனைவியிடம் பொருமினார்.

அவள் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்பாவும் புருஷனும் மரியாதை குறையாமல் பேசிக்கொள்கிறார்கள், ஒட்டிக்கொண்டதில்லை. ஊரை விட்டுப் போகும்போதும் ஆளுக்கொரு வண்டி என்றால், இனிமேல் எப்போது ஒட்டப்போகிறார்கள்? அவளுக்குப் பயமாக இருந்தது. அப்பாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டே விட்டாள்.

"இத்தனை வருஷமா பக்கத்து சீட்லதாம்மா உட்கார்ந்திருக்கேன்," என்றார் மாஸ்டர். "காலுக்குக் கீழ ஒரு பிரேக் இல்லாம உட்கார்ந்ததே இல்லை. அது இல்லாட்டி உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வர்ற மாதிரி இருக்கு."

மகள் அதை அப்படியே போய்ச் சொன்னாள். மாப்பிள்ளை கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

புறப்படுகிற அன்று காலை, காரின் கதவைத் திறந்து காட்டினார். பக்கத்து சீட்டுக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில், டிரைவிங் ஸ்கூல் கார்களில் இருப்பது போலவே ஒரு பிரேக் பெடல்.

"இப்ப வர்றீங்களா மாமா?"

மாஸ்டர் குனிந்து பார்த்தார், ஏறி உட்கார்ந்தார்.

ஊர் எல்லை தாண்டும் வரை சிக்னலுக்குச் சிக்னல் மிதித்தார். நெடுஞ்சாலையில் ஒரு லாரி சைகை காட்டாமல் குறுக்கே திரும்பியது. மாஸ்டர் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். கார் குலுங்காமல் நின்றது. நான் மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று மீசையைத் தடவிக்கொண்டார். நல்லவேளை மாமா என்று மாப்பிள்ளையும் ஒத்துப் பாடினார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டிலேயே சம்மணம் போட்டுக் குறட்டை விட ஆரம்பித்தார். பக்கத்து சீட்டில் தூங்குவது அவர் தொழிலில் மன்னிக்க முடியாத குற்றம். பின்னால் இருந்த மகளுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

புது வீட்டு வாசலில் சாமான் இறக்கும்போது, மாப்பிள்ளை மனைவியை ஓரமாக அழைத்துக் காதில் கிசுகிசுத்தார். அந்தப் பெடல் எதோடும் சேர்ந்ததில்லையாம். கீழே ஒரு ஸ்பிரிங்கை வைத்துத் தரையில் முடுக்கிய வெறும் டம்மி. மிதித்ததுதான் மாமா, நிறுத்தியதெல்லாம் இவர்.

"மாமாகிட்ட மூச்சு விட்டுடாதே," என்றார்.

மூச்சு விடாமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். சமையலறையில் அப்பாவோடு பெட்டிகளைப் பிரிக்கும்போது, அடக்க அடக்கச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். "என்ன, டம்மி பெடல் விஷயத்தை உன்கிட்ட சொல்லிட்டாரா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"முதல் சிக்னல்லயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இறங்கி ஸ்டேஷனுக்குப் போயிடலாம்னுதான் நினைச்சேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா என் கால் போறதுக்கு முன்னாடியே அவர் கால் பிரேக்குக்குப் போயிடுச்சும்மா. அந்த லாரிக்கும் அப்படித்தான். நான் சொல்லிக்கொடுத்தவங்கள்ல ஒருத்தர்கூட இப்படி ஓட்டினதில்லை."

"அப்புறம் எதுக்குப்பா மிதிச்சுக்கிட்டே வந்தீங்க?"

"அவ்வளவு ஆசையா மாட்டிட்டு வந்திருக்காரு. மிதிக்காம வந்தா மாப்பிள்ளை மனசு நோகாதா?"