வாடகை நாக்கு

“உப்புக் கிடங்குலதான் இருக்காங்க. இதுக்கு மேல என்னால தாங்க முடியாது,” என்றான் லாரி டிரைவர்.

அவனை நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். உதட்டிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்டியது.

மேஜைக்கு அந்தப் பக்கம் எதிரிப் படையின் அதிகாரி. ஊர் மொழியில் அவர் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

இருவருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளன் நின்றான்.

ஊர் எதிரியின் கைக்குப் போனதிலிருந்து அவனுக்கு இதுதான் வேலை. கூடவே, யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று உளவும் சொன்னான். ஊரார் அவனுக்கு ‘வாடகை நாக்கு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் காதுபடவே கூப்பிடுவார்கள்.

அவனை அந்த வேலைக்கு அனுப்பியதே உப்புக் கிடங்கில் பதுங்கியிருந்த போராளிகளின் தலைவர்தான். அது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அவன் காட்டிக்கொடுத்த வீடுகளெல்லாம் ஆட்கள் முன்பே கிளம்பிப்போன வீடுகள்.

மனைவியிடம்கூட மூச்சுவிடவில்லை. அவள் சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள்.

டிரைவர் அவளுடைய தம்பி.

இந்த உறவை அதிகாரியிடம் யாரும் சொல்லவில்லை. தெரிந்தால் வேலையோடு தலையும் போகும்.

அடி விழுந்தபோதெல்லாம் தன்னை அடித்த சிப்பாயை டிரைவர் திட்டவில்லை. இவனைத்தான் திட்டினான். எங்கக்கா வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்ட பாவி என்றான். உன்னை அத்தான்னு கூப்பிட்ட வாய் அழுகிப்போகட்டும் என்றான்.

அத்தனையையும் இவன் முகம் மாறாமல் மொழிபெயர்த்தான்: “தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறான், ஐயா.”

இப்போது உண்மை வந்துவிட்டது. கிடங்கில் போராளிகள் மட்டுமல்ல, அவர்களுடைய பிள்ளைகுட்டிகளும் இருந்தார்கள்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

மொழிபெயர்ப்பாளன் அவர் பக்கம் திரும்பினான்.

“ஆற்றுக்கு அந்தப் பக்கம், கல்குவாரியில் என்கிறான்.”

அங்கே முன்பு ஆட்கள் இருந்தது உண்மை. இப்போது அடுப்புச் சாம்பல்தான் மிச்சம்.

“இன்னொரு முறை கேள்,” என்றார் அதிகாரி.

கேட்டான். டிரைவர் விசும்பிக்கொண்டே மறுபடி உப்புக் கிடங்கு என்றான். இவன் மறுபடி கல்குவாரி என்றான்.

அதிகாரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொலைபேசியை எடுத்துச் சுருக்கமாக ஏதோ சொன்னார். சிப்பாயையும் கிளம்பச் சொன்னார்.

வாசலில் வண்டிகள் உறுமின. ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றுப் பாலத்தின் பக்கம் திரும்பின.

டிரைவர் அந்தச் சத்தத்தைக் கேட்டான். உப்புக் கிடங்கு எதிர்த் திசையில் இருந்தது. தலையை மெல்லத் தூக்கி, அக்கா புருஷனை முதல் முறையாகப் பார்ப்பவன்போலப் பார்த்தான்.

இவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

அதிகாரி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளையும் போட்டார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தான் மொழிபெயர்ப்பாளன்.

அவர் திரும்பி, குரலைத் தாழ்த்தி, பிசிறில்லாத ஊர்ப் பேச்சில் சொன்னார்:

“முதல்ல உங்க மச்சினனுக்குத் தண்ணி குடுங்க. கிடங்குல இருக்கிறவங்களை வண்டி திரும்பி வர்றதுக்குள்ள வேற இடத்துக்கு மாத்திடுங்க.”