மணற்கடிகாரம் சுழலும் நேரம்

பம்ப்செட் மொத்த வியாபாரக் கடையின் பழைய சாஃப்ட்வேரை மாற்றத் திட்டம் போட வந்த இளம்பரிதி, பில் போடும் ரெஜினாவின் பின்னால் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான். அவள் சரக்கு இருப்பைத் தேடியதும் திரை அப்படியே நின்றது. நடுவில் மணற்கடிகாரம் சுழன்றது.

"ஹேங் ஆயிடுச்சு," என்று உற்சாகமாகக் குரல் கொடுத்தாள் ரெஜினா.

குடோன் ஆட்கள் கையைத் துடைத்தபடி ஓடிவந்தார்கள். கணக்குப் பிரிவு எழுந்து நின்று ஒரு பாட்டை முடித்தது. அதன் கடைசி எழுத்தைப் பிடித்துக் குடோன் அடுத்ததை ஆரம்பித்தது. திரை நகர்ந்ததும் பாதி வரியோடு அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். மறுபடி நிற்கும்போது அதே வரியிலிருந்து தொடருமாம். வருஷக்கணக்காக ஓயாத பாட்டுக்குப் பாட்டு.

சாயங்காலம் எல்லோரையும் உட்காரவைத்து அவன் திட்டத்தை விளக்கினான். "புதுசு ஹேங்கே ஆகாதுங்க."

எல்லோரும் ரெஜினாவின் திரையைத் திரும்பிப் பார்த்தார்கள். மாற்றியே தீரவேண்டும் என்று அவனை வரவழைத்த முதலாளிதான் கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"டீ நேரத்துல மட்டும் கொஞ்சம் நிக்கிற மாதிரி பண்ணலாமா தம்பி?"

"எவ்வளவு நேரம் சார்?"

"ஒரு பாட்டு முடியற வரைக்கும். நான் கணக்குப் பக்கம்."

இளம்பரிதி அதையும் திட்டத்தில் எழுதிக்கொண்டு நிமிர்ந்தான். ரெஜினாவின் திரையில் மணற்கடிகாரம் சுழன்றுகொண்டிருந்தது.

"நீங்க எந்தப் பக்கம்?" என்றார் குடோன் முஸ்தபா.

அவன் லேப்டாப்பை மூடிவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றான்; காலையில் பாதியில் விட்ட வரியை எடுத்தான்.