சுத்தமான ஒலி

தாராவி தோல் தொழிற்சாலைத் தொழிலாளி தளவாயின் வானொலிப் பேட்டி ஒருவழியாக முடிந்தது.

“மன்னிச்சிருங்க சார். வாயத் தொறந்தா இருமல்தான் வருது.”

“கவலைப்படாதீங்கோ, நான் பாத்துக்கறேன்” என்றார் ஒலிப்பதிவு இன்ஜினியர் சேஷாத்ரி.

இருமல் இருந்த இடங்களையெல்லாம் டேப்பில் தேடித்தேடி பிளேடால் வெட்டியெடுத்து ஒட்டினார். மொத்தம் நாற்பத்திரண்டு. ஒலிபரப்பில் தளவாயின் குரல் கணீரென்று இருந்தது. நேரில் வந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார் தளவாய்.

அடுத்த மாதம், நஷ்டஈடு கேட்டு தளவாய் போட்டிருந்த வழக்கு விசாரணைக்கு வந்தது. முதலாளியின் வக்கீல், ரேடியோவிலிருந்து பதிவுசெய்த கேசட்டை ஓடவிட்டார்.

“பத்து நிமிஷப் பேச்சில் ஒரு இருமல் உண்டா, யுவர் ஆனர்? தொழிற்சாலைப் புகையில் இவருக்கு நுரையீரலே போச்சாம்!”

பதில் சொல்ல தளவாய் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

“கோர்ட்டில் நடிப்பெல்லாம் வேண்டாம்” என்றார் நீதிபதி.