ஒன்றரைக் கண்

"ஹெட்லைட்டுல பல்பை மட்டும் மாத்துங்க, போதும். கூட்டைக் கழட்ட வேண்டாம்" என்றார் அவர், மூன்றாவது தடவையாக.

மெக்கானிக் அந்தப் பழைய பிக்கப் வண்டியின் முகத்தைக் குனிந்து பார்த்தார்.

"உள்ளே கண்ணாடியில ரசம் போயிடுச்சுண்ணே. எவ்வளவு நல்ல பல்பு போட்டாலும் மெழுகுவத்தி மாதிரிதான் எரியும்."

"எரியட்டும். நான் மெதுவாத்தானே ஓட்டறேன்."

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனைவி, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"போன வாரம் நம்ம வீட்டு கேட்டையே இடிச்சுட்டு, இது எப்ப இங்க வந்துச்சுன்னு கேட்டது யாருங்க?"

"அன்னிக்கு மழை."

"மழை பெய்ஞ்சா கேட் நகருமா?"

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு, புது எல்.ஈ.டி. விளக்குகள் இரண்டை மேசைமேல் எடுத்து வைத்தார்.

"இன்னிக்கு ரெண்டு கண்ணும் புதுசா மாறணும். இல்லேன்னா வண்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றாள் அவள். வண்டி வந்து நின்றதுமே சாவி அவள் பைக்குள் போயிருந்தது.

சட்டை நைந்தால் பொத்தானை மட்டும் மாற்றிப் போடுகிற மனுஷன். சரியான கருமி என்று கல்யாணத்தன்றே அவள் அக்கா சொன்னாள். அக்கா சொன்னது எதுதான் பொய்த்தது?

மெக்கானிக் விளக்கைப் போட்டுப் பார்த்தார். வலது பக்க வெளிச்சம் எதிர்ச்சுவரில் நேராக விழுந்தது. இடது பக்கத்து வெளிச்சம் சுவரை விட்டு விலகி, மூலையில் கிடந்த டயர்களின் காலடியைத் தடவிக்கொண்டிருந்தது.

"இதென்ன, ஒன்றரைக் கண்ணா இருக்கு? ரோட்டைப் பாக்காம ஓரத்தைப் பாக்குது."

அவள் முகம் மலர்ந்தது. "அது என் கைவேலை."

அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப நான் பிஸ்கட் கம்பெனியில பாக்கிங்ல இருந்தேன். வேலை விட்டா பொண்ணுங்க எல்லாம் கை கோத்துக்கிட்டு நடந்து வருவோம். எத்தனை தடவை குளிச்சாலும் தலையில வெனிலா வாசனை போகாது. ரோட்டுல பேருக்கு ஒரு விளக்கு கிடையாது. திடீர்னு பாத்தா, நாலு நாளா இந்த வண்டி எங்க பின்னாலேயே ஊர்ந்து வருது. முந்திப் போகவும் மாட்டேங்குது, நின்னுடவும் மாட்டேங்குது. வெளிச்சம் வேற எங்க கால் மேலேயே! எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எடுத்தேன் ஒரு கல்லை. படார்!"

"அடடா! அண்ணனையா?"

"இந்தக் கண்ணைத்தான். மறுநாளே லைட்டுக்குப் புதுக் கண்ணாடி போட்டுக்கிட்டு மறுபடியும் வந்து நிக்கறார். என் சிநேகிதி ஒருத்தி சொன்னா, கல்லடி பட்டும் ஒருத்தன் வர்றான்னா ஒண்ணு பைத்தியமா இருக்கணும், இல்ல மாப்பிள்ளையா இருக்கணும்னு. ரெண்டுமே சரியாப் போச்சு. அன்னிக்குத் திரும்பின கண்ணு, இன்னும் நேராகலை."

பிரசவ வார்டில் நர்ஸிடம் சொன்ன கதை. மகள் கல்யாணத்தில் சம்பந்தியிடம் சொன்ன கதை. சொல்லும்போதெல்லாம் அவர் இப்படித்தான் வேறு பக்கம் பார்த்துச் சிரித்துக்கொள்வார்.

"சரி, கழட்டுங்க" என்றாள் அவள்.

"வேண்டாம்னு சொல்றேன்ல?" அவர் சட்டென்று திரும்பினார். "பழகின கண்ணு. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே."

"நீங்க பேசாம இருங்க."

மெக்கானிக் வளையத்தை நெம்பி விளக்கை வெளியே இழுத்தார். பின்னாலிருந்து ஏதோ தரையில் விழுந்தது. கல்லாகிப்போன ஒரு நீல ரப்பர் துண்டு. ஒரு பக்கம் தடிப்பாக, ஒரு பக்கம் மெலிசாக, கத்தியால் செதுக்கியது.

மெக்கானிக் விளக்குக் கூட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"அக்கா, இது கல்லு பட்டுத் திரும்பினதில்ல. கூடு எங்கேயும் வளையவே இல்ல. யாரோ செருப்பை வெட்டி முட்டுக் கொடுத்து, வேணும்னே திருப்பி வச்சிருக்காங்க."

அவள் ரப்பரை எடுத்துப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"எப்ப வச்சீங்க?"

"கல்லு படறதுக்கு முன்னாடி."

"முன்னாடியா?"

"உங்க கூட்டத்துல ஒரு பொண்ணு இருட்டுல சாக்கடையில விழுந்தாளே, அன்னிக்கு நான் எதிர்ல வந்தேன். நீங்க எல்லாரும் அவளைத் தூக்கிக் கூட்டிட்டுப் போயிட்டீங்க. ஒத்தைச் செருப்பு மட்டும் ஓரத்துல கிடந்துச்சு. ரோட்டுக்கு ஒரு லைட்டு போதுமேன்னு தோணுச்சு."

நொண்டிக்கொண்டே நடந்துவந்த சிநேகிதி அவள் நினைவுக்கு வந்தாள். ஒரு காலில் நீலச் செருப்பு, ஒரு கால் வெறுங்கால். மாப்பிள்ளை என்று சொன்னவளும் அவள்தான்.

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"நீ அந்தக் கதையை நல்லா சொல்வ."

"அதுக்குத்தான் கூட்டைக் கழட்டக் கூடாதுன்னீங்களா?"

மெக்கானிக் தேவையில்லாமல் ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"புதுசை நேராவே வச்சுடவாக்கா?"

"நேராவே வைங்க. இப்ப அந்த ரோட்டுல விளக்கு இருக்கு."

ரப்பர் துண்டைப் பைக்குள் போட்டாள். சாவியை வெளியே எடுத்தாள். உடனே நீட்டிவிடவில்லை. மெக்கானிக் காதில் விழாதபடி கேட்டாள்.

"அப்ப நீங்க என்னைப் பாக்க வரலையா?"

அவர் சாவிக்காகக் கையை நீட்டினார்.

"வெளிச்சம் எல்லாம் உங்க கால் மேலதானே இருந்துச்சு? கல்லு வந்து விழுந்தப்புறம்தான் நிமிர்ந்து உன் முகத்தையே பாத்தேன்."