நாற்பது நாள் இழுப்பு

"சார்ஜர் மாத்திட்டேன், ஒயர் மாத்திட்டேன். மத்தியானத்துக்குள்ள செத்துப்போகுது! என்ன பேட்டரியைடா என் தலையில கட்டினே?" ஈஸ்டர் முடிந்த வாரமே, பிளவ்திவ் நகரில் பிலமனின் கடை மேசைமீது வேப் என்னும் மின்-சிகரெட் கருவியை வீசினான் ராட்கோ.

பிலமன் திரையைத் தட்டிப் பார்த்தான். "நோன்புக்கு முந்தின நாள்தானே புது பேட்டரி போட்டு, இழுப்புக் கணக்கைப் பூஜ்யமாக்கினேன்? இப்போ பதினாலாயிரம் இழுப்பு காட்டுது! பேட்டரி தேயாம என்ன செய்யும்?"

"போடா! நோன்பு பூரா நான் வாயிலயே வைக்கல. ஈஸ்டரன்னிக்குத்தான் திரும்பக் கைக்கே வந்துச்சு."

"அதுவரைக்கும் யார்கிட்ட இருந்துச்சு?"

ராட்கோவுக்கு நோன்பின் முதல் நாள் ஞாபகம் வந்தது. அன்று கருவியை வாங்கி அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்ட பாதர் மெத்தோடி, அவன் தோளைத் தட்டிச் சொல்லியிருந்தார்:

"கவலைப்படாதே மகனே. இந்த நாற்பது நாளும் உன் சோதனையை நான் சுமக்கறேன்."