பெயர் சொல்லாத இலை

ராசாங்கம் மாமா காமாலைக்கு இலை அரைக்கிறார். வாசல் வெயிலில் மருந்து உருண்டைக்காக ஆட்கள் குந்தியிருக்கிறார்கள். ரோட்டில் சிமெண்ட் லாரி போகும்போதெல்லாம் அம்மி லேசாக அதிர்கிறது. தாவர விஞ்ஞானியாக இருந்து, இப்போது சென்னையில் காப்புரிமை வழக்கு பார்க்கும் அவர் மகள் மணிமொழி டேப்ரிக்கார்டரைப் பக்கத்தில் நகர்த்துகிறாள். "இந்த மருந்து தன் கண்டுபிடிப்புன்னு ஒரு கம்பெனி உரிமை கேக்குதுப்பா. நமக்கு முன்னாடியே தெரியும்னு நிரூபிச்சாதான் தடுக்க முடியும். இலை பேரைச் சொல்லுங்க." "பேரு வெளிய போனா மருந்து பலிக்காது. உங்கம்மாவுக்கே சொன்னதில்ல. அந்தக் கம்பெனிக்காரனுக்கு மட்டும் யாரு சொன்னா?" "யாரும் சொல்ல வேணாம்ப்பா. ஒரு உருண்டை வாங்கிட்டுப் போயி சோதிச்சாப் போதும்." குழவி நிற்கிறது. மாமா வாசலைப் பார்க்கிறார். அத்தனை மஞ்சள் கண்களுக்கு நடுவில் ஒருவருடைய கண் மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அவரும் உருண்டைக்குக் கை நீட்டிக்கொண்டிருக்கிறார்.